மாத்தி எழுத வேணாம், கூப்பிட்டாலே போதும்

போன வாரம் ஒரு நண்பர் போற போக்குல சொல்லிட்டுப் போனார்: "இந்தக் காலத்துல யாருங்க இன்னும் ஃபோர்ட்ரானைக் கட்டிக்கிட்டு அழறது? ஏஐகிட்ட குடுங்க, அஞ்சு நிமிஷத்துல பைத்தானா மாத்திக் குடுத்துடும்."

நல்ல மனசோடதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்குன்னு தெச்சுது.

மாத்த முடியுமா முடியாதாங்கறது இல்லைங்க பிரச்சினை. மாத்த வேண்டிய அவசியமே இல்லைங்கறதுதான் என் கட்சி. ஒரு முழுப் பதிவு எழுதற அளவுக்கு அழுத்தமான கட்சி. (நீளமாத்தான் போகும். நேரம் இருக்கும்போது படிங்க.)

முதல்ல அந்த ஃபோர்ட்ரான் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன்.

எனக்கு வேண்டிய பேராசிரியர் ஒருத்தர். சிவில். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. வி. ராஜாராமனோட ஃபோர்ட்ரான் புத்தகத்தைப் படிச்சு கம்ப்யூட்டர் பழகின தலைமுறை. அவர் எழுதின ஒரு சப்ரொட்டீன் இப்ப என்கிட்ட இருக்கு. குழாய்ல ஓடிக்கிட்டிருக்கற தண்ணியை வால்வை மூடி டக்குனு நிறுத்தினா, அழுத்தம் ஒரு அலையா எகிறிக்கிட்டுப் பின்னால ஓடும் இல்லையா? வாட்டர் ஹேமர்னு சொல்வாங்க. அதைக் கணக்குப் போடற கோட்.

சாதாரண விஷயம்னு நினைக்காதீங்க. இரும்புக் குழாய்ல அந்த அலை வினாடிக்கு ஆயிரம் மீட்டர் கணக்குல ஓடும். வெறும் 1 மீட்டர் வேகத்துல வர்ற தண்ணியைச் சட்டுனு நிறுத்தினாலே சுமார் 100 மீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தம் கூடுதலா ஏறிடும். குழாய் வெடிக்கறது இப்படித்தான்.

அந்தக் கோட் பார்க்க அவ்வளவு அழகு. எல்லாம் கேப்பிடல் எழுத்து. ஒவ்வொரு வரியும் 7வது கட்டத்துல ஆரம்பிச்சு 72வது கட்டத்துக்குள்ள முடிஞ்சிடும். பஞ்ச் கார்டு காலத்துச் சட்டம் அது. கார்டுல மொத்தம் 80 கட்டம். முதல் அஞ்சு லேபிளுக்கு. ஆறாவது கட்டத்துல ஏதாவது எழுத்து இருந்தா, போன வரியோட தொடர்ச்சின்னு அர்த்தம். கடைசி எட்டு, கார்டுக்கு வரிசை எண் போட. (கட்டு கீழ விழுந்து கலைஞ்சா திரும்ப அடுக்கணுமே!)

"சார், இதுல கணக்கு வரி ஒண்ணைக்கூடத் தொடாம பைத்தான்லேர்ந்து கூப்பிடப் போறேன்"னு அவர்கிட்ட சொன்னேன்.

"தாராளமாச் செய்ங்க தம்பி. கமென்ட்டை மட்டும் அழிச்சிடாதீங்க. எதை எதுக்காக மாத்தினேங்கறது அதுலதான் இருக்கு."

கமென்ட்டை அழிக்கறதா! கமென்ட்டை வெச்சுத்தான் வேலையே நடந்துச்சு.

எப்படின்னு சொல்றேன். பைத்தானோட கணக்கு லைப்ரரியான நம்பை கூடவே எஃப்2பைன்னு ஒரு கருவி வரும். பியாரு பீட்டர்சன் 1999ல ஆரம்பிச்சது. ஃபோர்ட்ரான் ஃபைலைக் குடுத்தா, அதைப் படிச்சு, நடுவுல தேவையான சி கோடைத் தானே எழுதி, கம்பைல் பண்ணி, பைத்தான்ல இம்போர்ட் பண்ற மாதிரி ஒரு மாட்யூலாக் குடுத்துடும். ஆனா பழைய ஃபோர்ட்ரான்ல எந்த மாறி உள்ளே போறது, எது வெளியே வர்றதுன்னு எழுதற வழக்கம் கிடையாது. எல்லாம் ஒரே அடைப்புக்குறிக்குள்ள வரிசையா நிக்கும். எஃப்2பைக்கு அதைச் சொல்லியாகணும்.

எங்க சொல்றது? கமென்ட்ல!

பழைய ஃபோர்ட்ரான்ல முதல் கட்டத்துல 'சி' இருந்தா அந்த வரி கமென்ட். கம்பைலர் கண்டுக்காது. அந்த 'சி'யை ஒட்டி 'எஃப்2பை'ன்னு போட்டு, இந்த அர்ரே உள்ளேயும் போகும் வெளியேயும் வரும்னு ஒரு வரி எழுதிட்டா, எஃப்2பை மட்டும் அதைப் படிச்சுக்கும். ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு அது பழையபடி வெறும் கமென்ட். சார் வீட்டுல இருக்கற பழைய கம்ப்யூட்டர்ல போட்டாலும் அதே ஃபைல் அப்படியே ஓடும்.

நாலஞ்சு கமென்ட் வரி. ஒரு கம்பைல். வந்துடுச்சு மாட்யூல்.

அதுல இன்னொரு சந்தோஷம். அர்ரேயோட நீளத்தை ஒரு 'என்' போட்டுத் தனியா வாங்கறது ஃபோர்ட்ரான் வழக்கம். எஃப்2பை அதைத் தானே அர்ரேயைப் பார்த்துக் கண்டுபிடிச்சு நிரப்பிக்குது. பைத்தான் பக்கத்துலேர்ந்து கூப்பிடும்போது, நேத்துதான் பைத்தானுக்குன்னே எழுதின ஃபங்ஷன் மாதிரி இருக்கு. மேட்பிளாட்லிப்ல அழுத்த அலை குழாய்ல முன்னும் பின்னும் போய்ட்டு வர்றதைப் படமாப் பார்த்தப்ப சாருக்கு முகம் மலர்ந்துடுச்சு. அவர் காலத்துல லைன் பிரின்டர்ல நட்சத்திரக் குறியால வரைஞ்ச படம் அது.

சரி, இப்ப ஒரு கேள்வி வரும். "இன்னொரு மொழிக் கோடைக் கூப்பிடறதெல்லாம் ஒட்டுப்போடற வேலைதானே? நிரந்தரத் தீர்வு இல்லையே?"

இந்தப் பார்வையோடதான் எனக்குச் சண்டை. ஏன்னா கணக்கு சாஃப்ட்வேர் பிறந்ததே இதுக்குத்தான்.

மேட்லாபை எடுத்துக்கோங்க. 1970கள்ல நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல கிளீவ் மோலர் கணக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தார். லின்பேக், ஐஸ்பேக்னு ரெண்டு அருமையான ஃபோர்ட்ரான் லைப்ரரி. ஆனா மாணவர்கள் அதைத் தொடணும்னா ஃபோர்ட்ரான் புரோகிராம் எழுதி, கம்பைல் பண்ணி, ஓட்டி... ஒரு சின்ன மேட்ரிக்ஸுக்கு இத்தனை பாடா? அதுங்களை மாணவர்கள் நேரா டைப் பண்ணிக் கூப்பிடட்டும்னுதான் மேட்லாபை எழுதினார். அதையும் ஃபோர்ட்ரான்லயேதான் எழுதினார். 1984ல கம்பெனி தொடங்கி, சி-யில திரும்ப எழுதி விக்க ஆரம்பிச்சதெல்லாம் அப்புறம் நடந்தது.

ஆர் மொழி? அதுக்கு முன்னோடி எஸ். பெல் ஆய்வுக்கூடத்துல 1976 மே 5ஆம் தேதி ஜான் சேம்பர்ஸ் ஒரு ஸ்லைடுல படம் போட்டார். நடுவுல ஒரு ஃபோர்ட்ரான் சப்ரொட்டீன், அதைச் சுத்தி ஒரு இன்டர்ஃபேஸ். எஸ் உருவானது அந்தப் படத்துலேர்ந்துதான். இன்னிக்கும் ஆர்ல புள்ளி வெச்சு 'ஃபோர்ட்ரான்'ன்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு, போய்ப் பாருங்க.

அதனால, உங்க ஆபீஸ்ல யாராவது "ப்யூர் பைத்தான்ல எழுதணும்"னு பெருமையாச் சொன்னா, நம்பைல ரெண்டு மேட்ரிக்ஸைப் பெருக்கும்போது உள்ளே என்ன ஓடுதுன்னு கேளுங்க. டிஜெம். டி-ன்னா டபுள், ஜிஇ-ன்னா ஜெனரல், எம்எம்-ன்னா மேட்ரிக்ஸ் பெருக்கல். பழைய ஃபோர்ட்ரான்ல ஒரு பேருக்கு ஆறு எழுத்துக்கு மேல இடமில்லாததால வந்த சிக்கனம். டிஜெம் இருக்கற பிளாஸ் லைப்ரரியோட மூணாம் நிலை 1990ல வந்தது. மேட்லாப், ஆர், ஜூலியா, நம்பை எல்லாம் கடைசியில வந்து கூப்பிடற இடம் அதே பேருதான்.

கூப்பிடறது சுலபம்னு மட்டும் சொல்லிட்டுப் போனா அது நேர்மை இல்லை. எல்லை தாண்டற இடத்துல சில பள்ளம் இருக்கு. எண்ணிக்கையில கொஞ்சம்தான், எல்லாமே தெரிஞ்ச பள்ளம். எங்க இருக்குன்னு ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டா அப்புறம் பயமே இல்லை. அதுக்கு நான் எப்பவும் பண்றது ஒண்ணு: நிஜக் கோடைக் கூப்பிடறதுக்கு முன்னால, வந்த மதிப்பை அப்படியே பிரின்ட் பண்ற குட்டி சப்ரொட்டீன் ஒண்ணு எழுதுவேன். அதுக்கு வேணும்னே தப்புத் தப்பா அனுப்புவேன். என்ன வந்து விழுதுன்னு பார்ப்பேன்.

இந்த விளையாட்டை ஜூலியாவுல ஆடினா இன்னும் நல்லாப் புரியும். 2012ல வந்த மொழி. வெளி லைப்ரரியைக் கூப்பிடறதுக்கு 'சிகால்'னு ஒரு வசதி மொழியிலேயே இருக்கு. நடுவுல ஒரு வரி சி கூட எழுத வேணாம். லைப்ரரி பேர், ஃபங்ஷன் பேர், என்னென்ன வகை மதிப்பு போகுதுன்னு சொல்லிட்டா போதும். (பேரைச் சின்ன எழுத்துல எழுதி, கடைசியில ஒரு அடிக்கோடு சேர்க்கணும். ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் பேரை அப்படித்தான் சேமிக்கும். 'ஃபங்ஷனைக் காணோம்'னு எரர் வந்தா முதல்ல இந்த அடிக்கோட்டைப் பாருங்க.)

ஆனா சிகாலுக்கு நீங்க சொல்ற வகை நிஜமா அந்த ஃபங்ஷன் கேக்கற வகைதானான்னு சரிபார்க்க வழியே கிடையாது. நீங்க சொன்னதை அப்படியே நம்பும். ஃபோர்ட்ரான் பக்கம் சாதா 'ரியல்', அதாவது 4 பைட். ஜூலியா பக்கம் 8 பைட் எண். 1.0, 2.0ன்னு ரெண்டு எண் வெச்ச அர்ரேயை அனுப்பினேன். ஃபோர்ட்ரான் பக்கம் பிரின்ட் ஆனது என்ன தெரியுமா?

0.0. அப்புறம் 1.875.

எரர் இல்லை. வார்னிங் இல்லை. சாதுவா ரெண்டு எண்.

இந்த 1.875 எங்கேர்ந்து வந்துச்சு? 8 பைட்ல 1.0ஐ எழுதினா கீழ்ப்பாதி நாலு பைட் முழுக்கப் பூஜ்யம். மேல்பாதி நாலு பைட்ல மட்டும் விஷயம். இன்டெல், ஆர்ம் ரெண்டுலயும் கீழ்ப்பாதிதான் மெமரியில முதல்ல வரும். ஃபோர்ட்ரான் முதல் நாலு பைட்டைத் தனி எண்ணாப் படிச்சா 0. அடுத்த நாலைப் படிச்சா 1.875. நீங்க அனுப்பின 2.0 இன்னும் வந்தே சேரலை!

அன்னிலேர்ந்து 1.875ஐ எங்க பார்த்தாலும் எனக்குக் காது விறைச்சுக்கும். நீங்களும் மனசுல போட்டு வெச்சுக்கோங்க. 1 போட்ட இடத்துல 1.875 வந்தா, எட்டு பைட்டை நாலு நாலாப் படிக்குது.

முழு எண்ணுல இதே விஷயம் இன்னும் நைசா நடக்கும். ஃபோர்ட்ரான் 'இன்டீஜர்' வழக்கமா 4 பைட், ஜூலியாவுல 8 பைட். 5ஐ ஒத்தையா அனுப்பினா 5ன்னே சரியாப் போய்ச் சேரும்! கீழ்ப்பாதியிலேயே மொத்த எண்ணும் அடங்கிடுதே. அதை நம்பி 5, 7ன்னு ஒரு அர்ரேயை அனுப்பினா அங்க 5, 0ன்னு வரும். சோதிக்கும்போது அர்ரே வெச்சே சோதிங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

எஃப்2பை இந்த விஷயத்துல நல்ல காவல்காரன். உள்ளே மட்டும் போற அர்ரேன்னா வகையை மாத்திக் காப்பி எடுத்து அனுப்பிடும். அதே இடத்துல மாத்தித் தரணும்னு நீங்க கேட்டிருந்து வகை பொருந்தலைன்னா, அங்கேயே எரர் போட்டு நிறுத்திடும். முதல் தடவை இந்த வேலைக்கு வர்றவங்க எஃப்2பையில ஆரம்பிக்கறது நல்லதுன்னு நான் சொல்றதுக்கு இது ஒண்ணே போதும்.

அடுத்தது எல்லாரும் சொல்றது, ஆனா சோதிக்கற விதத்துல கோட்டை விடறது: மேட்ரிக்ஸ் மெமரியில எப்படி அடுக்கியிருக்குங்கற விஷயம். நம்பையும் சி-யும் வரிசை வரிசையா அடுக்கும். ஃபோர்ட்ரான், மேட்லாப், ஆர், ஜூலியா நாலும் நெடுவரிசையா, அதாவது மேலேர்ந்து கீழே அடுக்கும். (ஃபோர்ட்ரானோட வாரிசு யாரு யாருன்னு இதை வெச்சே சொல்லிடலாம்.)

2 வரிசை, 3 நெடுவரிசை மேட்ரிக்ஸ். மேல் வரிசையில 1 2 3, கீழ் வரிசையில 4 5 6. நம்பை மெமரியில 1 2 3 4 5 6ன்னு வெச்சிருக்கு. அந்த மெமரியை ஃபோர்ட்ரான் தன் பழக்கத்துல படிச்சா, முதல் நெடுவரிசை 1 2, ரெண்டாவது 3 4, மூணாவது 5 6. அதாவது மேல் வரிசை 1 3 5, கீழ் வரிசை 2 4 6.

இப்ப கவனிங்க. கூட்டுத்தொகை ரெண்டுலயும் 21தான். பெரிய எண், சின்ன எண், சராசரி எல்லாம் அதே. ரெண்டு பக்கமும் கூட்டிப் பார்த்து "சரியாப் போயிருக்கு"ன்னு முடிவு பண்ணா, மேட்ரிக்ஸ் கலைஞ்சு கிடக்கறது தெரியவே தெரியாது. அதைவிட மோசம், சமச்சீர் மேட்ரிக்ஸ். கட்டட வேலையில வர்ற ஸ்டிஃப்னெஸ் மேட்ரிக்ஸெல்லாம் சமச்சீர்தானே? அதை எப்படிப் படிச்சாலும் ஒண்ணுதான். சோதனை எல்லாம் பாஸ் ஆகும். என்னிக்கோ ஒரு நாள் சமச்சீர் இல்லாத மேட்ரிக்ஸ் வரும்போதுதான் விடை கோணும். அதனால சோதிக்க எடுக்கற மேட்ரிக்ஸ் சதுரமா இருக்கக்கூடாது, எல்லா எண்ணும் வேற வேறயா இருக்கணும். 1லேர்ந்து 6 வரைக்கும் வெச்ச அந்த 2க்கு 3 மேட்ரிக்ஸ் போதும். நான் வேற எதையும் தேடறதில்லை.

எழுத்து, ஸ்டிரிங் விஷயத்துக்கு வரேன். இதுல நடந்த ஒரு நிஜக் கதை இருக்கு. இந்தத் துறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச துப்பறியும் கதையே இதுதான்.

மேட்ரிக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கற லேபேக் லைப்ரரியில பல ஃபங்ஷனுக்கு ஒரு ஒத்தை எழுத்து அனுப்பணும். மேட்ரிக்ஸோட மேல் முக்கோணமா கீழ் முக்கோணமான்னு சொல்ல 'யூ' இல்லைன்னா 'எல்'. ஃபோர்ட்ரான் கம்பைலருங்க, எழுத்து வகை மதிப்பு போகும்போதெல்லாம் அதோட நீளத்தையும் கடைசியில கண்ணுக்குத் தெரியாம சேர்த்து அனுப்பும். சி-யிலேர்ந்து கூப்பிடறவங்க அதை அனுப்பறதே இல்லை. ஒத்தை எழுத்துக்கு நீளம் எதுக்கு, யாரும் பார்க்கப் போறதில்லையேன்னு பல பத்தாண்டா விட்டுட்டாங்க. உலகம் பூரா அப்படித்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆர் உட்பட.

2019ல ஆர் பேக்கேஜ் சிலது புது ஜிஃபோர்ட்ரான்ல கம்பைல் பண்ணா தாறுமாறா விழ ஆரம்பிச்சுது. கணக்குல ஒரு தப்பும் இல்லை. ஆர் குழு தோண்டிக்கிட்டே போய்க் கண்டுபிடிச்சாங்க. ஒரு சப்ரொட்டீன் கடைசி வேலையா இன்னொண்ணைக் கூப்பிட்டுட்டு முடியுதுன்னா, புதுக் கம்பைலர் ஒரு சிக்கனம் பண்ணும். புதுசா இடம் எடுக்காம, தனக்கு வந்த மதிப்புங்க இருந்த இடத்திலேயே அடுத்த ஃபங்ஷனுக்கான மதிப்புங்களை எழுதிடும். அந்த மறைமுக நீளத்துக்கு அங்க இடம் இருக்கும்னு நம்பி '1'ன்னு எழுதுது. ஆனா சி பக்கம் அப்படி ஒரு இடத்தையே ஒதுக்கலையே! அந்த '1' போய் விழுந்தது, கூப்பிட்டவனோட சொந்த மெமரியில.

கடைசியில, ஜிஃபோர்ட்ரான் அடங்கின ஜிசிசி பக்கம் அந்தச் சிக்கனத்தைக் கட்டுப்படுத்த ஒரு வழி குடுத்தாங்க. ஆர் 3.6.2ல நீளத்தை முறையா அனுப்பறதுக்கு மேக்ரோ குடுத்தாங்க. சட்டப்படி பார்த்தா நீளத்தை அனுப்பாத சி பக்கம்தான் தப்புன்னு நான் நினைக்கிறேன். ஆனா அத்தனை வருஷம் ஓடின பழக்கத்தை ஒரே நாள்ல உடைக்காம, ரெண்டு பக்கமும் ஒரு அடி இறங்கி வந்தாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

இதைப் படிச்சதுக்கு அப்புறம் ஃபோர்ட்ரானுக்கு எழுத்து அனுப்பினா நீளத்தையும் சேர்த்தே அனுப்பறேன். ஒத்தை எழுத்தானாலும் சரி.

நேருக்கு நேர் கூப்பிட முடியாத இடமும் உண்டு. அங்க மனுஷங்க பண்ணியிருக்கற ஏற்பாடு இன்னும் அழகு. சேஜ்னு ஒரு சாஃப்ட்வேர். வில்லியம் ஸ்டீன் 2005ல ஆரம்பிச்சது. மேப்பிள், மேத்தமேட்டிகா, மேட்லாப், மேக்மாவுக்கு ஒரு இலவச மாற்று வேணும்னு. எல்லாத்தையும் முதல்லேர்ந்து எழுதாம, ஏற்கனவே இருந்த பாரி, கேப், சிங்குலர், மேக்சிமான்னு எல்லாத்தையும் பைத்தானை வெச்சு இணைச்சார். இதுல சிலது தனிப் புரோகிராம், உள்ளே கூப்பிட வழி இல்லை. என்ன பண்ணாங்க? மனுஷன் டெர்மினல்ல உக்காந்து டைப் பண்ற மாதிரியே சேஜ் டைப் பண்ணும். விடை வந்து அடுத்த பிராம்ப்ட் தெரியற வரைக்கும் காத்திருக்கும். வந்த எழுத்தைப் படிச்சுத் தன் மொழிக்கு மாத்திக்கும்.

மேக்சிமா மனுஷங்களுக்காக எழுதினது. எக்ஸின் என்-ஆம் அடுக்கை இன்டகிரேட் பண்ணச் சொன்னா, "என், மைனஸ் 1க்குச் சமமா?"ன்னு திருப்பிக் கேக்கும். நியாயமான கேள்வி, அந்த ஒரு மதிப்புக்கு மட்டும் விடை லாகரிதம் ஆச்சே. ஆனா எதிர்ல உக்காந்திருக்கறது மனுஷன் இல்லை, சேஜ்! அதனால சேஜ் உங்ககிட்ட வந்து, இதைப் பத்தி முன்னாடியே 'அஸ்யூம்' போட்டுச் சொல்லிடுங்கன்னு எரர்ல எழுதிக் காட்டும். ரெண்டு சாஃப்ட்வேர் நடுவுல நடக்கற இந்தப் பேச்சுவார்த்தையை முதல்ல பார்த்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். (பிற்பாடு மேக்சிமாவை லைப்ரரியாவே உள்ளே ஏத்திட்டாங்க. கேள்வி மட்டும் போகலை. கணக்கு கேக்கற கேள்வி அது.)

வேகத்தைப் பத்தி ஒரே வார்த்தை: எல்லையை அடிக்கடி தாண்டாதீங்க. லட்சம் புள்ளிக்கு லட்சம் தடவை கூப்பிட்டா, கூப்பிடற செலவே கணக்கைத் தின்னுடும். பைத்தான்லேர்ந்து ஒரு தடவை கூப்பிடறதுக்கு மைக்ரோசெகண்ட் கணக்குல ஆகும். மொத்த அர்ரேயையும் ஒரே தடவை அனுப்பி, லூப்பை அந்தப் பக்கம் ஓட விடுங்க. சாரோட கோட்ல நேர அடி ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், அப்புறம் எல்லா நேர அடியையும் உள்ளேயே ஓட்டற அவரோட வெளி சப்ரொட்டீனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ரெண்டாவது, என்டர் தட்டின கை எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

இப்ப என் நண்பரோட "அஞ்சு நிமிஷம்".

மாத்தி எழுதினா சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்? பழைய கோட் குடுக்கற விடையோட ஒப்பிடணும். அப்ப பழைய கோட் ஓடணும். புதுசும் பழசும் ஒரே இடத்துல ஓடினாத்தான் ஆயிரம் விதமான டேட்டாவைக் குடுத்து ஒப்பிட முடியும். அதாவது மாத்தறதுக்கே முதல் படி, கூப்பிடறது! கூப்பிட்டாச்சு, ஓடுது, விடை சரி. அதுக்கு அப்புறமும் எதுக்கு மாத்தணும்?

இன்னொண்ணு. பழைய கோட்ல வேண்டாத மாதிரி தெரியற வரிலதான் அனுபவம் உக்காந்திருக்கும். சாரோட கோட்ல நடுவுல மூணு வரி 'இஃப்' இருக்கு. அழுத்தம் ரொம்பக் கீழ இறங்கினா அங்க தண்ணி ஆவியாகிக் குழாய்க்குள்ள ஆவி நிறைஞ்ச குழி உண்டாகும். அதுக்கு மேல அழுத்தம் இறங்காது, இறங்கற மாதிரி கணக்குப் போட்டா விடை பொய். அந்த மூணு வரி அதைப் பிடிச்சு நிறுத்துது. மாத்தும்போது அது தவறிப்போனா, சாதாரண டேட்டாவுக்கெல்லாம் ரெண்டும் ஒரே விடைதான் குடுக்கும். ஆபத்தான குழாய்க்குத்தான் வித்தியாசம் வரும். எந்த இடத்துக்காக இந்தக் கோடை எழுதினாங்களோ, சரியா அந்த இடத்துல!

பிளாஸ்லயும் இதே மாதிரி ஒண்ணைக் காட்டலாம். ஒரு வெக்டரோட நீளம் கண்டுபிடிக்கணும். வர்க்கம் போட்டுக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா ஆச்சு, ஒரு வரி. 3 பெருக்கல் 10இன் 200ஆம் அடுக்கு, 4 பெருக்கல் 10இன் 200ஆம் அடுக்குன்னு ரெண்டு எண்ணைக் குடுத்துப் பாருங்க. வர்க்கம் 10இன் 400ஆம் அடுக்குக்குப் போகும், டபுள்ல 308க்கு மேல இடமில்லை, விடை இன்ஃபினிட்டி. பிளாஸோட டிநார்ம்2 முதல்ல எண்களைச் சுருக்கிட்டுக் கணக்குப் போட்டு, 5 பெருக்கல் 10இன் 200ஆம் அடுக்குன்னு அழகாக் குடுக்கும். "ஒரு வரிதானே"ன்னு திரும்ப எழுதறவங்க கண்ணுக்கு இது படாது.

மாத்தித்தான் ஆகணும்கற நிலைமையும் இருக்கு, அதை மறுக்கலை. பைத்தானுக்கான அறிவியல் லைப்ரரி சைப்பையோட குழு சமீப வருஷங்கள்ல தங்களோட பழைய ஃபோர்ட்ரான் 77 கோடை ஒவ்வொண்ணா சி-க்கும் மத்ததுக்கும் மாத்திக்கிட்டு வர்றாங்க. விண்டோஸ், புது மேக்னு எல்லா மெஷினுக்கும் ஃபோர்ட்ரான் கம்பைலரைக் கட்டி மேய்க்கறது அவங்களுக்குப் பெரும்பாடு. லட்சக்கணக்கான பேருக்கு ரெடியா இன்ஸ்டால் ஆகற மாதிரி குடுக்க வேண்டிய பொறுப்பு அவங்களோடது. சோதனை எழுத ஆளும் இருக்கு. அவங்க மாத்தறது நியாயம். ஒரு ஆபீஸ்ல, ஒரு ஆய்வு மாணவர் லேப்டாப்புல, ஒரே ஒரு சப்ரொட்டீனுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

எஃப்2பையும் சும்மா இல்லை, அதுவும் காலத்தோட நடக்குது. பைத்தான் 3.12ல டிஸ்ட்யூட்டில்ஸ்ங்கற பழைய பில்டு கருவியை எடுத்துட்டதால, இப்ப எஃப்2பை மேசன்ங்கற பில்டு கருவியை வெச்சுக் கம்பைல் பண்ணுது. பழைய வழிமுறைக் குறிப்பைப் பார்த்து 3.12ல முயற்சி பண்ணி எரர் வந்தா பயந்துடாதீங்க. பைத்தான் கூடவே மேசனையும் நிஞ்சாவையும் இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்ப ஓட்டுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம காலேஜ்கள்ல, பொதுப்பணி சார்ந்த ஆபீஸ்கள்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆன எத்தனையோ பேர்கிட்ட இந்த மாதிரி கோட் இருக்கு. ஃப்ளாப்பியில, சிடியில, சிலது காகிதத்துல. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சார், ஒரு மேடம் நிச்சயம் இருப்பாங்க. அவங்களே எழுதினதுதானா, எங்கேர்ந்தாவது எடுத்ததான்னு கேட்டுக்கோங்க. (நியூமெரிக்கல் ரெசிப்பீஸ் புத்தகத்துக் கோட் உள்ளே இருந்தா அதை வெளியில விட அனுமதி கிடையாது.) அவங்க சொந்தக் கோட்னா, என்ன லைசன்ஸ்ல குடுக்கச் சம்மதம்னு எழுத்துல வாங்கிக்கோங்க. கமென்ட்டை அழிக்காதீங்க. எஃப்2பை வரி நாலு சேருங்க, 2க்கு 3 மேட்ரிக்ஸ் வெச்சுச் சோதிங்க, எல்லாரும் எடுத்துக்கற மாதிரி போடுங்க. அந்த ஒவ்வொரு 'இஃப்' வரியும் எதுக்குன்னு சொல்ல, எழுதினவங்க இப்ப இருக்காங்க. இந்த விடுமுறையிலேயே போய்க் கேளுங்க.